எட்டுக் கோப்பைத் தேநீரும் பதினைந்து ஆண்டு வெப்பமும்

2010 பிப்ரவரியில், இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர் ஃபில் ஜோன்ஸிடம் பிபிசி சில கேள்விகளை முன்வைத்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு ஊரெங்கும் பரவியிருந்தன. பூமி சூடாகிறது என்பதே கட்டுக்கதை என்று வாதிட்டவர்களின் குரல் ஓங்கியிருந்த நேரம் அது. கேள்விகளில் ஒன்று இப்படி இருந்தது: 1995 முதல் இன்றுவரை புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க புவி வெப்பமேற்றம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?

ஜோன்ஸ் நேர்மையாக விடை சொன்னார். ஆம், ஆனால் மயிரிழையில்தான் தவறுகிறது என்றார். 1995 முதல் 2009 வரையிலான போக்கைத் தானும் கணக்கிட்டிருப்பதாகவும், பத்தாண்டுக்கு 0.12 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் ஏறியிருப்பதாகவும், அந்த ஏற்றம் 95 சதவீத அளவுகோலை எட்டவில்லை, ஆனால் மிக நெருங்கி நிற்கிறது என்றும் விளக்கினார். காலம் நீளமாக இருந்தால் இந்தச் சோதனையில் தேறுவது எளிது, குறுகிய காலத்துக்கு அது கடினம் என்றும் சேர்த்துச் சொன்னார். மறுநாள் லண்டன் செய்தித்தாள் ஒன்றின் தலைப்பு, 1995-க்குப் பிறகு புவி வெப்பமேற்றமே இல்லை என்று விஞ்ஞானி ஒப்புக்கொண்டதாக அறிவித்தது. ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க’ என்ற இரண்டு சொற்களை அந்தத் தலைப்பு விட்டுவிட்டது. பத்தாண்டுக்கு 0.12 டிகிரி ஏறியது என்று சொன்ன மனிதர், ஏறவே இல்லை என்று சொன்னவராக ஆகிவிட்டார்.

அதே பேட்டியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. 2002 ஜனவரி முதல் பூமி புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க அளவில் குளிர்ந்து வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? இல்லை என்றார் ஜோன்ஸ். அந்தக் காலப்பகுதிக்குப் போக்கு பத்தாண்டுக்கு 0.12 டிகிரி இறக்கம் காட்டுகிறது. ஆனால் காலம் இன்னும் குறுகியது, அந்த இறக்கம் குறிப்பிடத்தக்கது அல்ல என்றார். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அளவுகோல். முதல் விடையை வைத்துப் பூமி சூடாகவில்லை என்று சொல்பவர், இரண்டாம் விடையை வைத்துப் பூமி குளிரவும் இல்லை என்று சொல்லியாக வேண்டும். முதல் விடை அரசியல் மேடைகளில் பல ஆண்டுகள் சுற்றியது. இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படவே இல்லை.

இந்த ஒரு சொல்லால் அரசியலில் விளைந்த குழப்பத்துக்கு அளவே இல்லை. அன்றாடப் பேச்சில் ‘குறிப்பிடத்தக்க’ என்றால் பெரியது, முக்கியமானது, கவனிக்க வேண்டியது. புள்ளியியலில் அதற்கு இந்த மூன்று பொருளும் கிடையாது. அங்கே அது ஒரே ஒரு கேள்விக்கான விடை: உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் வெறும் தற்செயலால் இப்படிப்பட்ட ஒரு விளைவு கண்ணில் படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போனால் குறிப்பிடத்தக்கது என்று பெயர் சூட்டுகிறார்கள். ஐந்துக்கு மேல் நின்றால் இல்லை என்கிறார்கள். ஜோன்ஸ் சொன்ன 95 சதவீத அளவுகோல் இதுதான். விளைவு பெரியதா சிறியதா என்பது இந்தக் கேள்வியில் இல்லை. விளைவு உண்டா இல்லையா என்பதற்கும் இது நேரடியான விடை இல்லை. தற்செயலின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியுமா, முடியாதா என்று மட்டுமே அது சொல்கிறது.

இந்தக் கேள்வி பிறந்த கதை அழகானது. 1920-களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்ற இடத்திலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணித அறிஞர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒருநாள் மாலை, அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானிக்குத் தேநீர் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி, அதன்மேல் தேநீரை ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும், இது வரிசை மாறி ஊற்றியது என்றார். எதை முதலில் ஊற்றினாலும் கலந்தபின் ஒன்றுதானே என்று ஃபிஷர் வாதிட்டார். குடித்துப் பார்த்தால் தனக்குத் தெரியும் என்று அவர் உறுதியாக நின்றார். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பக்கத்திலிருந்த ஒரு சக விஞ்ஞானி சொன்னார்.

ஃபிஷர் 1935-இல் எழுதிய ‘சோதனைகளின் வடிவமைப்பு’ நூலில் இந்தச் சோதனையைப் பெயர் சொல்லாமல் விவரிக்கிறார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை தெரியாமல் கலைத்து வைக்கப்படும். சுவைப்பவர் பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழிகள் உள்ளன. அவற்றில் ஒன்றுதான் முழுக்கச் சரி. நாக்கில் ஒரு திறமையும் இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் 70-இல் ஒரு தடவை எல்லாம் சரியாக அமைந்துவிடும். அது நூற்றுக்கு 1.4. இவ்வளவு அரிதான தற்செயலை நம்புவதைவிட, அவருக்குத் திறமை இருக்கிறது என்று நம்புவது மேல்.

இப்போது கோப்பைகளைக் குறைத்துப் பார்ப்போம். ஆறு கோப்பைகள், மூன்றுக்கு மூன்று என்றால் 20 வழிகள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் தற்செயலுக்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு இருக்கிறது, கோட்டின்மேலேயே நிற்கிறார். நான்கு கோப்பைகள், இரண்டுக்கு இரண்டு என்றால் ஆறே வழிகள். ஒரு கோப்பைகூடத் தவறாமல் சொன்னாலும், ஒன்றும் தெரியாதவர் ஆறில் ஒரு தடவை அதையே செய்துவிடுவார். நூற்றுக்கு ஏறத்தாழ 17. ஆகவே இந்தப் பெண்ணின் திறமை புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது அல்ல என்று அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நான்கு கோப்பைச் சோதனையில் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அதே நாக்கு, அதே தேநீர், அதே திறமை. எட்டுக் கோப்பையில் தேறியவர் நான்கு கோப்பையில் தேறவில்லை என்றால், குறை அவரிடம் இல்லை. சோதனையின் அளவில் இருக்கிறது. எத்தனை சரியாகச் செய்தாலும் யாரையும் தேறவிடாத சோதனை ஒன்றை வைத்துவிட்டு, பாருங்கள், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அறிவிப்பது அநியாயம். அரசியல் விவாதங்களில் மறுபடி மறுபடி நடப்பது இதுதான். போதிய சான்று இன்னும் சேரவில்லை என்ற முடிவை, இல்லை என்பதற்கே சான்று கிடைத்துவிட்டது என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

ஜோன்ஸிடம் இருந்தவை பதினைந்து கோப்பைகள். புவியின் சராசரி வெப்பம் ஒரே சீராக ஏறுவதில்லை. பசிபிக் கடலில் எல் நினோ வந்தால் அந்த ஆண்டு தூக்கிவிடும். 1998-இல் அப்படித்தான் ஆனது. லா நினா வந்தால் இறக்கிவிடும். பிலிப்பைன்ஸில் 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்துக் கந்தகத் துகள்களை மேல்வளிமண்டலத்தில் வீசியபோது, உலகமே சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. பத்தாண்டுக்கு 0.12 டிகிரி என்றால் ஆண்டுக்கு 0.012 டிகிரி. ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் அளவோ அதைப்போலப் பத்து மடங்கு. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இவ்வளவு மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்கப் பதினைந்து ஆண்டுகள் போதுமானதாக இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

2011 ஜூனில் ஜோன்ஸ் மீண்டும் பிபிசியிடம் பேசினார். 2010-ஆம் ஆண்டின் அளவீடுகளையும் சேர்த்துவிட்டால், 1995 முதலான வெப்பமேற்றம் இப்போது 95 சதவீத அளவுகோலைத் தாண்டிவிட்டது என்றார். பதினாறாவது கோப்பை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 2009 டிசம்பர் 31 வரை சூடாகாத பூமி மறுநாள் காலை சூடாகத் தொடங்கவில்லை. மாறியது நம்மிடம் இருந்த சான்றின் அளவு.

இரைச்சலோடு ஏறிக்கொண்டே போகும் எந்த எண்வரிசையை எடுத்துக்கொண்டாலும், இன்றைய நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், போக்கு குறிப்பிடத்தக்கதாக இல்லாத ஒரு குறுகிய காலப்பகுதி எப்போதும் அகப்படும். ஐந்து ஆண்டுகளை எடுத்தால் அநேகமாக எதுவுமே தேறாது. விலைவாசி, மழை, குழந்தை இறப்பு, சாலை விபத்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே ‘இந்த ஆண்டிலிருந்து பார்த்தால்’ என்று யாராவது தொடங்கினால், ஏன் அந்த ஆண்டிலிருந்து என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த நூற்றுக்கு ஐந்து என்ற கோடு எங்கிருந்து வந்தது? இயற்கை விதி எதிலிருந்தும் வரவில்லை. 1925-இல் வெளியான ‘ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகள்’ என்ற நூலில் ஃபிஷர் அதை வசதியான ஓர் எல்லையாக எடுத்துக்கொண்டார். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத் தூரம் போனால் ஏறத்தாழ அந்த எல்லை வந்துவிடும். கணக்குப் போடச் சுலபம். பின்னாளில் அவரே, எல்லா ஆய்வுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ளும் விஞ்ஞானி எவரும் இல்லை என்று எழுதினார். இயற்பியலாளர்கள் 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகளை அறிவிப்பதற்கு வைத்திருந்த கோடு இதைவிடப் பல்லாயிரம் மடங்கு கடுமையானது: ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. மேடைப் பேச்சுக்கு வரும்போதுதான் ஐந்து சதவீதம் என்பது உண்மைக்கும் பொய்க்கும் நடுவிலான மதிற்சுவராக ஆகிவிடுகிறது.

இன்னொரு தவறும் இதே இடத்தில் நுழைகிறது. 95 சதவீத அளவில் குறிப்பிடத்தக்கது என்றால், அது உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று பலர் எண்ணுகிறார்கள், படித்தவர்களும்தான். அப்படி இல்லை. ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு இந்த விளைவின் வாய்ப்பைப் பார்ப்பது ஒன்று. இந்த விளைவைப் பார்த்தபின் ஒன்றும் இல்லை என்பதன் வாய்ப்பைப் பார்ப்பது வேறொன்று. மழை பெய்தால் தரை நனைந்திருக்கும் என்பதும், தரை நனைந்திருப்பதால் மழைதான் பெய்தது என்பதும் ஒரே கூற்று ஆகாது அல்லவா?

இந்த மொழிச் சண்டை மனித உயிர்களின் மேல் நடந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின் மேல் படையெடுத்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணும் பொறுப்பைப் படையெடுத்த அரசு ஏற்கவில்லை. 2004 செப்டம்பரில் லெஸ் ராபர்ட்ஸ், கில்பர்ட் பர்ன்ஹாம், ஈராக்கிய மருத்துவர் ரியாத் லஃப்தா ஆகியோர் கொண்ட குழு ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. நாடெங்கும் 33 இடங்களைத் தற்செயல் முறையில் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் முப்பது வீடுகள் என்று போய், படையெடுப்புக்கு முன்னும் பின்னும் வீட்டில் யார் யார் பிறந்தார்கள், இறந்தார்கள் என்று கேட்டார்கள். பேசக் கிடைத்தவை 988 குடும்பங்கள். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் கதவு கதவாகத் தட்டிய அந்தப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவர்கள் கொண்டுவந்த எண்களைப் பேசக்கூடாது.

அக்டோபர் இறுதியில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக, ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. போர் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்காத மரணங்கள் ஏறத்தாழ 98,000. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது அந்தத் தரவோடு பொருந்தக்கூடிய எண்களின் வீச்சு, 8,000 முதல் 1,94,000 வரை. கடும் சண்டை நடந்த ஃபலூஜா நகரத்தின் எண்கள் மற்ற எல்லா இடங்களையும் விட மிக அதிகமாக இருந்ததால், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

உடனே ஒரு வாதம் கிளம்பியது. எட்டாயிரம் என்றும் சொல்லலாம், ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம் என்றும் சொல்லலாம் என்றால் இது மதிப்பீடே இல்லை, அம்பு எறிந்து பழகும் பலகை என்று ஃப்ரெட் கப்லான் என்ற பத்தி எழுத்தாளர் எழுதினார். பலர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். இடைவெளி மிக அகலம் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளிக்குள் எல்லா எண்களும் சமம் என்று எண்ணியது பிழை. அகன்ற இடைவெளிக்கும் ஒரு வடிவம் இருக்கிறது; நடுவில் மேடு, இரு ஓரங்களிலும் சரிவு. 98,000-ஐச் சுற்றியுள்ள எண்கள் அந்தத் தரவோடு நன்றாகப் பொருந்துகின்றன. 8,000 அரிதாகவே பொருந்துகிறது. 1,94,000-உம் அதே அளவுக்கு அரிது. கீழ்ஓரத்தை மட்டும் காட்டி இவ்வளவு குறைவாகவும் இருக்கலாமே என்று சொல்பவர், மேல்ஓரத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த இடைவெளியில் பூஜ்யம் இல்லை. ஜோன்ஸின் பதினைந்து ஆண்டு ஏற்றம் தவறவிட்ட அதே கோட்டை இந்த ஆய்வு தாண்டியிருந்தது. குறிப்பிடத்தக்கது என்ற சொல்லை மட்டுமே நம்புகிறவர் இங்கே தலையசைத்து ஏற்றிருக்க வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு தரப்பு மட்டுமே தவறு செய்தது என்று சொல்லிவிடலாம். 2006 அக்டோபரில் அதே குழுவினரின் இரண்டாம் ஆய்வு வந்தது. இந்த முறை 6,54,965 என்ற எண். அதில் வன்முறையால் நேர்ந்தவை மட்டும் 6,01,027. அந்த வன்முறைச் சாவுகளுக்கான இடைவெளி ஏறத்தாழ 4,26,000 முதல் 7,94,000 வரை. ஆய்வை ஆதரித்தவர்கள் அந்த இடைவெளியைக் கேடயமாகப் பிடித்தார்கள்: கீழ்ஓரமே நான்கு லட்சம், இதற்குக் குறைவாக இருக்கவே முடியாது என்று. 2008 ஜனவரியில் ஈராக்கிய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 9,345 குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்பு வெளியானது. ஏறத்தாழ அதே காலத்துக்கு வன்முறைச் சாவுகள் 1,51,000. இடைவெளி 1,04,000 முதல் 2,23,000 வரை.

இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. இரண்டுக்கும் 95 சதவீதம் என்றே முத்திரை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. அப்படியானால் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு?

நம்பிக்கை இடைவெளி ஒரே ஒரு பிழையை மட்டும் அளக்கிறது. எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டதால், அந்தச் சிலர் தற்செயலாக மாறி அமைந்துவிடுவதால் வரும் பிழை அது. கேட்ட வீடுகள் எல்லாம் பெரிய தெருக்களுக்கு அருகில் இருந்தனவா, வீட்டார் பயந்து மறைத்தார்களா, குடும்பமே அழிந்துபோய்ப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதா, கேட்பவர் விதியை மீறினாரா என்பதையெல்லாம் அது அறியாது. 2006 ஆய்வு எப்படி நடத்தப்பட்டது என்ற அடிப்படை விவரங்களைத் தர மறுத்ததற்காக 2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கம் பர்ன்ஹாமைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2004-இல் அந்த இடைவெளியை ஏளனம் செய்தவர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. 2006-இல் அதைப் பற்றிக்கொண்டவர்களும் புரிந்துகொள்ளவில்லை என்பதே என் எண்ணம்.

தற்செயல் பிழை வேறு, சாய்வுப் பிழை வேறு என்பதற்கு 1936 அமெரிக்கத் தேர்தலைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் லாண்டனுக்கு 57 சதவீதம் என்று இதழ் அறிவித்தது. 24 லட்சம் பேரைக் கேட்டால் பாடநூல் சூத்திரப்படி பிழை வரம்பு 0.1 சதவீதப் புள்ளிக்கும் கீழே. லாண்டனுக்குக் கிடைத்ததோ 37 சதவீதத்துக்கும் குறைவு. அவருடைய போட்டியாளர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் முகவரி எடுத்ததில் ஏழைகள் விடுபட்டார்கள். சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கோபம் கொண்டவர்கள் அதிகம். எத்தனை லட்சம் பேரைக் கேட்டாலும், தவறான ஆட்களைக் கேட்டால் தவறான விடையே இன்னும் உறுதியாகக் கிடைக்கும்.

மறுபக்கம், சரியான தற்செயல் முறையில் தேர்ந்த ஆயிரம் பேர் செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. நான்கு லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்தில் ஆயிரம் பேரைக் கேட்டாலும், 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில் ஆயிரம் பேரைக் கேட்டாலும், பிழை வரம்பு ஏறத்தாழ ஒன்றுதான்: கூட்டியோ குறைத்தோ மூன்று சதவீதப் புள்ளி. நாட்டின் அளவு கணக்கில் வருவதே இல்லை. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதுதான் வருகிறது. பெரிய நாட்டுக்குப் பெரிய மாதிரி வேண்டும் என்று நம் உள்ளுணர்வு அடித்துச் சொல்லும். அது தவறு என்று கணிதம் நிரூபிக்கிறது.

கருத்துக்கணிப்புகளில் ‘புள்ளியியல் சமநிலை’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு 49 சதவீதம், எதிராளிக்கு 46 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் பிழை வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே இருவரும் சமம் என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். முதலாவது, மூன்று புள்ளி என்பது ஒருவருடைய எண்ணிக்கைக்கான வரம்பு. இருவருக்கும் நடுவிலான வித்தியாசத்துக்கு வரம்பு ஏறத்தாழ ஆறு. ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் என்பதால் அது இரட்டிப்பாகிறது. இரண்டாவது, சமம் என்பதும் தவறு. வேறொன்றும் தெரியாது, மாதிரியின் தற்செயலை மட்டும் பார்க்கிறோம் என்றால், முன்னால் நிற்பவர் உண்மையிலேயே முன்னால் இருக்க ஏறத்தாழ ஆறுக்கு ஐந்து வாய்ப்பு இருக்கிறது. யார் முந்துகிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே சரியான வாக்கியம். உறுதியாகத் தெரியாததையும் சமமானதையும் ஒன்றாக்குவது, நான்கு கோப்பைச் சோதனையில் செய்த அதே தவறு.

இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜலதோஷத்துக்கு மூக்கில் போடும் ஸைகாம் என்ற மருந்தைப் பயன்படுத்திய சிலர் முகரும் சக்தியை இழந்ததாக மருத்துவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார்கள். முதலீட்டாளர்களிடம் நிறுவனம் அதைச் சொல்லவில்லை. அந்தப் புகார்கள் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இல்லை, ஆகவே சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று வாதாடியது. 2011 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தை நிராகரித்தார்கள். மருத்துவர்களும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் அந்தக் கோட்டை எட்டாத சான்றுகளை வைத்தும் முடிவெடுக்கிறார்கள். முதலீட்டாளரும் அப்படிச் செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். புள்ளியியல் வகுப்பில் மாணவர்களுக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பேன்.

சொல்லைக் கேடயமாக்குவதில் பெரியவர்களும் விலக்கு இல்லை. 1950-களில் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் எண்களால் காட்டியபோது, தொடர்பு இருப்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது என்று வாதிட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஃபிஷர். புகையிலை உற்பத்தியாளர் அமைப்பின் ஆலோசகராகவும் அவர் இருந்தார். அவர் சொன்ன விதி சரிதான். அந்த விதியை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது தவறு. அதற்குள் வேறு வேறு வகையான சான்றுகள் குவிந்துவிட்டிருந்தன. சரியான விதியைச் சொல்லித் தவறான முடிவைக் காக்கலாம் என்பதை அந்த வரலாறு வேதனையோடு காட்டுகிறது.

புள்ளியியலாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமனம் இல்லை. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இந்த அளவுகோலை எப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை ஒன்று, குறிப்பிடத்தக்கது என்ற முத்திரையையே கைவிட வேண்டும் என்று கேட்டது. 800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதற்குக் கையெழுத்திட்டார்கள். கோடே இல்லாவிட்டால் அவரவர் விருப்பப்படி எதையும் கண்டுபிடிப்பாக அறிவித்துவிடுவார்கள் என்று மற்றொரு தரப்பு எதிர்த்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் தேறியது, தேறவில்லை என்ற இரண்டே சொல்லில் அடைப்பதைவிட, விளைவின் அளவையும் இடைவெளியையும் சொல்லிவிட்டு முடிவைப் படிப்பவரிடம் விடுவதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தாண்டுக்கு 0.12 டிகிரி ஏற்றம், அதன் இடைவெளியில் பூஜ்யம் மயிரிழையில் உட்படுகிறது என்று மட்டும் ஜோன்ஸிடம் எழுதி வாங்கியிருந்தால், அதை ஏற்றமே இல்லை என்று திரிப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

இது வெளிநாட்டுச் சண்டை மட்டும் இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த அன்று மாலை வந்த வாக்குக் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கும் மேற்பட்ட இடங்களைக் கொடுத்தன. ஜூன் 4-இல் கிடைத்தவை 293. பலரைக் கேட்டோம், பிழை வரம்பு சிறியது என்ற பேச்சு அங்கே உதவவில்லை. நம் நாளிதழ்களையும் தொலைக்காட்சிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கருத்துக்கணிப்பு எண்ணை வெளியிடும்போது, எத்தனை பேரைக் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தார்கள், பதில் சொல்ல மறுத்தவர்கள் எவ்வளவு, எண்ணின் இரு ஓரங்கள் எங்கே என்ற நான்கையும் அதே எழுத்தளவில் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அவை இல்லாமல் ஓர் எண் உங்கள் கைக்கு வந்தால், வாசகர்களே, அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.